கழுவக் கூடாத கறி

மஞ்சள் தூள் போட்டுக் கழுவினால் கரைந்துபோகிற கறி ஒன்று உலகத்தில் உண்டு என்பது எனக்கு நாற்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. அதுவரை கறி என்றால் சந்தையிலிருந்து வாங்கி வந்து, மஞ்சளும் கல்லுப்பும் போட்டு, மூன்று தண்ணீர் கழுவ வேண்டிய பொருள். எங்கள் வீட்டில் என் மனைவி போட்ட சட்டம் அது. எனக்குச் சமைக்கத் தெரியாவிட்டாலும் கழுவத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் கறி கழுவுவது என் வேலை.

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கடை. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். தண்ணீர் இறைக்கும் மோட்டார் எரிந்துபோனால் உள்ளே இருக்கிற செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதிதாகக் காயில் கட்டிக் கொடுப்பேன். ஒலக்கூர் பக்கத்து விவசாயிகள் சைக்கிளிலும் டிராக்டரிலும் மோட்டாரைப் போட்டுக்கொண்டு வருவார்கள். தொண்ணூற்று மூன்றில் கடை போட்டேன், அதே வருடம் கல்யாணம். அவள் விழுப்புரத்துப் பெண். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஊரும் உறவும் அதைப் பேசிப் பேசி ஓய்ந்துபோன பிறகு நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாகச் சண்டை போட்டுக்கொண்டு இருந்தோம்.

எனக்குக் கோபம் அதிகம். யாரிடமும் போய் 'இது எப்படி?' என்று கேட்கிற வழக்கமும் கிடையாது. கழற்றிப் பார்த்தால் தெரியாதது என்ன இருக்கிறது என்று நினைக்கிறவன். இந்தக் கதைக்கு அது முக்கியம்.

மின்வெட்டு எங்களை ஆட்டிப் படைத்த வருடங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் ஒரு மணி நேரம் இருக்காது. அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. பித்தப்பையில் கல். கூடவே மஞ்சள் காமாலையும் சேர்ந்துகொண்டு, ஐம்பத்தாறு கிலோ இருந்தவள் நாற்பத்திரண்டுக்கு வந்துவிட்டாள். புதுச்சேரியில் ஒரு டாக்டர் பார்த்தார். நிதானமான மனிதர்.

"கல்லை எடுத்தாகணும். ஆனா இந்த உடம்புல கத்தி வைக்க முடியாது. கொஞ்சம் தேறட்டும், நாற்பத்தஞ்சைத் தொடட்டும், உடனே தேதி தர்றேன். ரொம்ப நாள் தள்ளக் கூடாது. கல்லு குழாயில இறங்கி அடைச்சுட்டா உயிருக்கே ஆபத்து" என்றார். கறி, மீன், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சாப்பிடலாம், எண்ணெய் மட்டும் கூடாது என்றார்.

மூன்று கிலோ. அவ்வளவுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரை ஒரே நாளில் கட்டிக் கொடுக்கிறவனுக்கு மூன்று கிலோ ஒரு பெரிய விஷயமா என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன்.

ஆனால் அவள் சாப்பிடவில்லை. இட்லியைப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் அடுக்குவாள். கேப்பைக் கூழை இரண்டு வாய் குடித்துவிட்டுச் சொம்பை மூடி வைப்பாள். பக்கத்து வீட்டு அம்மா அவித்துக் கொடுத்த மீனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சனிக்கிழமைதோறும் பக்கத்து மண்டிக்குக் கூட்டிப்போய், மல்லாட்டை மூட்டை எடை போடுகிற தராசில் நிற்க வைப்பேன். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் ஏது? மூட்டைகளுக்கு நடுவில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்பாள். முதல் சனிக்கிழமை நாற்பத்திரண்டு. அடுத்த சனிக்கிழமை நாற்பத்தொன்றரை.

"இன்னாதான் வேணும் உனக்கு? வாயத் தொறந்து சொல்லு" என்று கத்தினேன்.

"வேகவச்சது எல்லாமே ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குதுங்க. மொறுமொறுன்னு ஏதாவது இருந்தா தின்னுவேன்" என்றாள்.

எண்ணெய் கூடாது, ஆனால் மொறுமொறு என்று இருக்க வேண்டும். என்னால் முடியாததாகப் பார்த்துத்தான் கேட்கிறாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நோயாளியின் ஆசை என்று நினைத்தேன். அந்த ஆசையை அப்படியே புதுச்சேரிக்குப் பக்கத்தில் குயிலாப்பாளையத்தில் இருக்கிற அவள் தங்கைக்குப் போனில் சொன்னேன்.

மச்சினி அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். அந்த அம்மா ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்புகிற நேரம். அடுத்த வாரமே மச்சினி ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாள். பெட்டிக்குள் முட்டை வடிவத்தில் கறுப்பாக ஒரு மெஷின். கூடவே ஈரத் துணி, செய்தித்தாள், பாலிதீன் என்று சுற்றிச் சுற்றி ஒரு பொட்டலம். அதற்குள் எட்டு வட்டங்கள், கல் மாதிரி உறைந்து கிடந்தன. கோழிக் கறியை அரைத்துத் தட்டிய பர்கராம். இந்த மெஷினில் போட்டால் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் மொறுமொறுவென்று வந்துவிடுமாம். வெள்ளைக்கார அம்மாவின் ஐஸ் பெட்டியில் மிச்சமிருந்ததை அப்படியே கவரில் போட்டுக் கொடுத்துவிட்டாராம்.

நான் மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். அதன் பிளக்கில் உருண்டையாக இரண்டே முள், நம் ஊர்ப் பாயிண்டில் ஏறாது. அதை வெட்டிவிட்டுப் பெரிய மூன்று முள் பிளக் மாட்டினேன். ஆசைக்குக் கழற்றியும் பார்த்தேன். மேலே ஒரு சூடாகும் காயில், அதற்கு மேல் ஒரு ஃபேன், கீழே ஒரு கூடை. இதற்கா இவ்வளவு பெருமை என்று இருந்தது. நான் திரும்பி வருவதற்குள் மச்சினி அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

அன்று சாயங்காலம் இரண்டு வட்டங்களை எடுத்துக் கிண்ணத்தில் வைத்தேன். கூடத்துக் கட்டிலில் படுத்திருந்தவள் குரல் கொடுத்தாள்.

"மஞ்சத் தூள் போட்டு நல்லா கழுவுங்க. மூணு தண்ணி. எந்த ஊரு கோழியோ, எப்ப அறுத்ததோ."

நியாயமான பேச்சு. ஐஸ் இளகும்வரை காத்திருந்து, மஞ்சளும் உப்பும் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கை எப்படிக் கழுவுமோ அப்படிக் கழுவினேன். முதல் தண்ணீரில் ஓரம் பிய்ந்தது. இரண்டாவது தண்ணீரில் கிண்ணம் முழுக்க மஞ்சள் சேறு. மூன்றாவது தண்ணீருக்கு என் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. தெருநாய்கூட அதை மோந்து பார்த்துவிட்டு யோசித்தது.

கட்டிலிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மாதக்கணக்கில் கேட்காத சிரிப்பு. அதற்காகவே எனக்கு இரண்டு பர்கர் போனது நஷ்டமாகத் தெரியவில்லை.

மறுநாள் இளக விடாமல், கல்லாக இருக்கும்போதே மெதுவாகக் கழுவினேன். மேலாக நனைந்து, உள்ளே உறைந்து இருந்தது. மெஷினில் போட்டேன். இருபது நிமிடம் கழித்து இழுத்தால் கூடையோடு ஒட்டிக்கொண்டு சொதசொதவென்று வந்தது. அவள் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"மொறுமொறுன்னு இல்லீங்களே."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மீட்டரை எடுத்துச் சமையலறைப் பாயிண்டில் வைத்துப் பார்த்தேன். நூற்று எழுபது வோல்ட். இருநூற்று முப்பது வேண்டிய இடத்தில் நூற்று எழுபது வந்தால் காயில் எப்படிச் சூடாகும்? குற்றவாளியைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டு நாள் கடை வேலையை ஓரம் கட்டிவிட்டு, வோல்டேஜை ஏற்றிக் கொடுக்க ஒரு டிரான்ஸ்பார்மர் கட்டினேன். ஒவ்வொரு சுற்றையும் எண்ணி எண்ணிக் கட்டினேன். மோட்டாரோடு காத்திருந்த ஒலக்கூர்க்காரர் ஒருவர், "இன்னாங்க மேஸ்திரி, எங்க பயிர் காயுது, நீங்க வடை சுட மெஷின் கட்டிக்கினு கீறீங்க" என்றார். "அது வடை இல்லைங்க" என்று மட்டும் சொன்னேன்.

மீட்டர் பெட்டியிலிருந்து சமையலறைக்குத் தனியாகத் தடித்த ஒயர் இழுத்தேன். மின்வெட்டு நேரத்தில் ஐஸ் இளகாமல் இருக்க, யாரும் திறக்காதபடி ஃபிரிட்ஜ் கதவைக் கயிறு போட்டுக் கட்டினேன். மின்வெட்டு நேரங்களைச் சுவரில் கரியால் எழுதினேன். வீடு என் கடை மாதிரி ஆகிவிட்டது. கட்டிலில் இருந்தவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒரு துண்டு கறிக்கு இம்மாம் பேஜாரா?" என்றாள் ஒரு தரம்.

புது லைனில் இருநூற்று இருபத்தைந்து வோல்ட் வந்தது. பக்தியோடு மூன்று தண்ணீர் கழுவி, அடுத்த இரண்டு வட்டங்களைப் போட்டேன். மறுபடியும் சொதசொத. வெளியே கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். அவள் அதே ஓரத்தைக் கிள்ளினாள், அதே வார்த்தையைச் சொன்னாள். கடைசி இரண்டும் இரண்டு நாள் கழித்து அப்படியே போயின. அவள் தள்ளி வைத்ததையெல்லாம் நான்தான் தின்றேன். சனிக்கிழமை மண்டித் தராசு நாற்பத்தொன்று காட்டியது. தராசுக்காரர் அடுத்த மூட்டையை ஏற்றினார்.

அதற்குள் சாம்பல் புதன் வந்தது. தவக்காலம் தொடங்கிவிட்டது, நாற்பது நாளும் சுத்தபோசனம், கறி தொடமாட்டேன் என்று புதிதாக ஒரு பிடிவாதம் பிடித்தாள். நான் நேராகப் பங்குச் சாமியார் வீட்டுக்குப் போனேன். அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நோயாளிக்கு ஒருவேளை மட்டும் சாப்பிடற ஒருசந்தியும் கிடையாது, சுத்தபோசனமும் கிடையாது. சாப்பிடறதுதான் இந்த வருஷம் அவங்க தவம்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார்.

வந்து சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம் வரும் என்று பார்த்தால், முகம் இருண்டுவிட்டது. அப்போதுதான் எனக்கு முதல்முதலாக ஏதோ உறுத்தியது. என்ன என்று புரியவில்லை.

அந்த வார சனிக்கிழமை, பொட்டலத்தில் ஒன்றும் மிச்சமில்லாததால், புதுச்சேரிக்கே போய் வாங்கி வரலாம் என்று கிளம்பினேன். எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரியாது. இருபது வருடத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்து ஒரு ஆளிடம் கேட்பது என்று முடிவு செய்து, குயிலாப்பாளையம் போய் மச்சினி வீட்டுக் கதவைத் தட்டினேன். என் கோபத்தையெல்லாம் அவள் தலையில் கொட்டினேன். உன் மெஷின் சரியில்லை, உன் கறி சரியில்லை, டிரான்ஸ்பார்மர் கட்டியும் மொறுமொறு வரவில்லை என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள்.

"கழுவினீங்களா மாமா?"

"கழுவாம? மூணு தண்ணி கழுவினேன்."

"அய்யோ, அதக் கழுவவே கூடாது மாமா. இளகவும் விடக் கூடாது. ஐஸ்லேருந்து எடுத்து அப்படியே ஜல்தியா உள்ள போட்டுடணும். அக்காகிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேனே. மாமா கழுவுவாரு, கழுவ உட்டுடாதன்னு சொன்னேனே. அக்காகூட சரி சரின்னு தலையாட்டிக்கினு கேட்டுச்சே."

அவள் கொடுத்த மோரைக் குடித்தேன். எந்தக் கடை என்று கேட்டுக்கொண்டு போய், பத்து பர்கர் இருக்கிற பாக்கெட் ஒன்றும் பன்னும் வாங்கி, ஐஸ் கட்டி போட்ட தூக்குவாளியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அந்தக் குரல் காதில் இருந்தது. மஞ்சத் தூள் போட்டு நல்லா கழுவுங்க. மூணு தண்ணி.

மறுநாள் ஞாயிறு. பூசைக்கு நான் மட்டும் போய் வந்தேன். பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும், ஐஸ் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டேன். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"கழுவினீங்களா?"

பதினைந்து நிமிடம் மெஷின் முன்னால் நின்றேன். இழுத்தபோது அது கூடையில் ஒட்டவில்லை. நல்ல செம்பு நிறத்தில் இருந்தது. கரண்டியால் தட்டினால் டக் என்றது. பன்னுக்குள் வைத்துத் தட்டில் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன். ஓரத்தை நானே உடைத்தேன். கட்டில்வரைக்கும் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது.

அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உன் தங்கச்சியப் பாத்துட்டு வந்தேன்" என்றேன். "ஏன் இப்பிடிப் பண்ண? நான் இங்க ஒயர் இழுத்துக்கினு, கயிறு கட்டிக்கினு, பைத்தியக்காரன் மாதிரி..."

அவள் தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"எங்கம்மா ஆபரேஷனுக்கு நடந்துதாங்க போனாங்க. எனக்குப் பதினஞ்சு வயசு. பஸ்ல ஜன்னலோரமா சீட்டு கேட்டு வாங்கி உக்காந்துக்கினு, எனக்குக் கையாட்டிக்கினு போனாங்க. திரும்பி வரும்போது வேன்ல படுத்துக்கினு வந்தாங்க." முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நான் தேறிட்டா அந்த டாக்டரு தேதி குடுத்துடுவாரு. தேறாம இருந்தா தள்ளித் தள்ளிப் போவும். அதான்."

இருபது வருடமாக அவள் அம்மா காய்ச்சலில் போனார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தாள். ஆபரேஷன் என்ற வார்த்தையை அன்றுவரை அவள் வாயில் நான் கேட்டதில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அடியில் இருந்தது பயம்தான், அதை இப்போது சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

"தள்ளிப் போனா கல்லு சும்மா இருக்குமா? டாக்டரு சொன்னது உன் காதுல உழுந்துச்சா இல்லையா? எனக்கு மட்டும் பயமில்லைன்னு நெனச்சியா? எரிஞ்சுபோன மோட்டார எத்தினியோ திருப்பிக் கட்டிக் குடுத்திருக்கேன். உன்ன எங்க போய்க் கட்டறது?"

அவள் அழுதாள். நானும் அழுதேன், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு. பர்கர் ஆறிப்போயிற்று. அவள் தொடவில்லை.

கடைசியில் சொன்னேன். "இனிமே நான் செய்யமாட்டேன். தின்னுன்னும் சொல்லமாட்டேன். ஐஸ் பெட்டியில ஒம்பது கீது. கதவுல கட்டுன கயித்த அவுத்துட்டுப் போறேன். தின்னணும்னு தோணிச்சுன்னா நீயே போட்டுக்க. தேதி வாங்கணும்னு தோணிச்சுன்னா நீயே சொல்லு."

சொல்லிவிட்டு, கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் கடைக்குப் போய்விட்டேன். ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டேன், ஒரு சுற்றும் கட்டவில்லை. விட்டுக்கொடுத்துவிட்டேனே என்று இருந்தது. ஆனால் மூட்டை மாதிரி அவளைத் தராசில் தூக்கி வைத்துக்கொண்டே இருக்கவும் என்னால் முடியாது.

பின்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தைந்தைத் தொட இன்னும் ஆறு வாரம் ஆனது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்த கற்களை ஒரு சின்னப் பாட்டிலில் போட்டு என் கையில் கொடுத்தார்கள், மல்லாட்டைப் பருப்பு அளவுக்கு நான்கு. மின்வெட்டெல்லாம் போய், ஊரில் வோல்டேஜ் சரியாக வருகிற காலம் வந்த பிறகும், அந்த டிரான்ஸ்பார்மரைக் கழற்ற அவள் விடவில்லை. ஆபரேஷன் நாளைப் பற்றி அவள் உறவுக்காரர்களிடம் நிறையப் பேசுவாள். எனக்கு அதைவிட நன்றாக நினைவிருப்பது சண்டைக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை.

ஆறு மணிக்குக் கரண்ட் வருகிற முறை. நான் பின்பக்கம் தொட்டியடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். சத்தத்தை வைத்தே மோட்டாரில் எவ்வளவு லோடு என்று சொல்லிவிடுகிற காது என்னுடையது. முதலில் டிரான்ஸ்பார்மரின் ம்ம் என்ற உறுமல் கேட்டது. அதற்குப் பிறகு அந்தச் சின்ன ஃபேன் சுற்றுகிற சத்தம். வாயைக்கூடக் கொப்பளிக்காமல் சமையலறை வாசலுக்கு வந்து நின்றேன்.

அவள் முக்காலியைப் போட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது. கட்டிலிலிருந்து அவ்வளவு தூரம் தனியாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. பக்கத்தில் மஞ்சள் தூள் டப்பா மூடியபடியே இருந்தது. கிண்ணம் ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. மணி அடித்ததும் கூடையை இழுத்தாள், சூட்டோடு எடுத்தாள், பன்னுக்குள்கூட வைக்காமல் கடித்தாள். மொறுக்கென்று சத்தம் வந்தது. மென்று விழுங்கினாள். நான் நிற்பது தெரியும், ஆனால் திரும்பவில்லை.

"கழுவலைங்க" என்றாள். "அப்படியேதான் போட்டேன்."